பத்தாவது துணி

— முக்குக் கடையில மண்ணெண்ணெ இல்லண்ணே, அவனியாபுரம் வரைக்கும் போயி வாங்கியாந்தேன். அட, அதுக்குள்ள அடி மூடியக் கழட்டிட்டீங்களா?

— கழட்டிட்டேன்.

— ஒத்தையிலயா? நான் வர்ற வரைக்கும் பொறுத்திருக்கலாம்ல சௌந்தரண்ணே. எம்புட்டுக் கனம் அது! கால்ல விழுந்திருந்தா?

— விழல.

— உள்ள என்ன இருந்துச்சு?

— கசடு. பதினேழு வருஷத்து ஆயில் கட்டி தட்டிப் போயிருக்கு. வேற ஒண்ணும் இல்ல முத்திருளா.

— ஒண்ணும் இல்லையா?

— சொல்றேன்ல.

— ஆயில் சல்லடையில?

— அதுலயும் கசடுதான். பாரு, அந்த மண்ணெண்ணெயைத் தட்டுல ஊத்து. முறைப்படி ஊறப்போட்டுக் கழுவிடுவோம்.

— ஏண்ணே ஸ்பேனரு கை நழுவி விழுது? குடுங்க, நான் வச்சுக்கிறேன்.

— வயசாச்சு.

— அம்பத்தஞ்செல்லாம் ஒரு வயசா? போன ஞாயித்துக்கெழமதேன் கார்புரேட்டர் ஓட்டைக்குள்ள ஒத்த முடிகணக்கா இருந்த கம்பிய விட்டு அடைப்பு எடுத்தீங்க. அப்ப ஒண்ணும் நழுவலையே.

— காலையில காப்பி குடிக்கல. அதான்.

— சரிண்ணே. ஆனா ஒண்ணு கேக்கணும், ரொம்ப நாளா மனசுல கெடக்கு. நான் உசிலம்பட்டியில பஸ்சுக்கு அடியில படுத்துக் கெடக்குறவன். இந்த ஏரோப்ளேன் சமாசாரமெல்லாம் நீங்க சொல்லித் தெரிஞ்சுக்கிட்டதுதேன். இருந்தாலும் எங்க ஒர்க்‌ஷாப்புல, ஓடிக்கிட்டிருந்தது பட்டுன்னு நின்னு இறுகிப்போன எஞ்சின் எது வந்தாலும், மொதல்ல தொறக்குறது அடியிலதேன். நீங்க என்னடான்னா ரெண்டு வருசமா மேலயே வேல பாத்தீங்க. சிலிண்டரு, வால்வு, மேக்னெட்டோ எல்லாம் முடிஞ்சு பளபளன்னு நிக்கிது. அடிய மட்டும் நீங்களும் தொடல, என்னையும் தொடவிடல.

— ஒவ்வொருத்தருக்கு ஒரு முறை இருக்கும்.

— தண்டு சுத்தவே மாட்டேங்குது, அடியத் தொறந்து பாப்போம்னு நான் எத்தன தடவ கேட்டேன்?

— தரையில மோதின வேகத்துல இறுகியிருக்கும்னு சொன்னேன்.

— சொன்னீங்க.

— இன்னிக்குத் தொறந்தாச்சு. போதுமா?

— போதும்ணே. நான் வெளிய போன நேரமாப் பாத்துத் தொறந்துட்டீங்க.

— என்ன சொல்ல வர்ற?

— ஒண்ணும் சொல்லலண்ணே. கைய வெளிய எடுங்க, ஆயிலோட சட்டப் பைக்குள்ள விட்டு வச்சிருக்கீங்க. வெள்ளச் சட்ட, கறையாயிரும்... யாரோ வாராக. நம்ம பாலிடெக்னிக் ஹரி சாரு.

— சௌந்தரம் சார், ரெண்டே நிமிஷம்! முத்திருளனும் இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை காட்சிக்கூடம் தெறப்பு விழா. பிரின்சிபால் என்னைப் போட்டுப் பிச்சு எடுக்கிறார். அந்தப் பக்கம் ரெக்கைக்குத் துணி ஒட்டறவங்க இன்னும் பாதியில நிக்கறாங்க, ரிடையர் ஆனவங்க, ஞாயித்துக்கிழமை மட்டும் வர்றவங்க, அவங்களை அதட்டவும் முடியல. சரி, அதை விடுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு போர்டு வைக்கணுமாம். இந்த எஞ்சினுக்கு நான் எழுதியிருக்கேன். பெயிண்டர் வாசல்ல நிக்கறார். படிக்கட்டுமா?

— படிங்க சார். சௌந்தரண்ணனும் கேக்கட்டும்.

— 'பயிற்சி விமானத்தின் நான்கு சிலிண்டர் எஞ்சின். 1965ஆம் ஆண்டு பேரையூர் அருகே விழுந்த விமானத்திலிருந்து எடுக்கப்பட்டது. மாணவ விமானி சோணைமுத்து, வயது இருபத்திரண்டு, தம் சொந்த ஊருக்கு மேலே மிகத் தாழ்வாகப் பறந்ததே விபத்துக்குக் காரணம் என விசாரணைக் குழு முடிவு செய்தது. தன்னார்வலர்களால் சீரமைக்கப்பட்டது.' அவ்வளவுதான்... முத்திருளன், உங்க கூடப்பிறந்த அண்ணன். அந்த வரி மனசுக்குக் கஷ்டமா இருந்தா எடுத்துடறேன். யாரும் கேக்கப் போறதில்ல.

— எதுக்கு சார் எடுக்கணும்? விசாரணைக்காரவுக குடுத்த காயிதத்துல அப்பிடித்தேன் இருக்கு. அந்தக் காயிதத்துல இருந்த எஞ்சின் நம்பர வச்சுத்தேன இது எங்கண்ணன் ஓட்டுனதுன்னே கண்டுபிடிச்சேன்.

— விழாவுக்கு அம்மாவை அழைச்சிட்டு வாங்களேன். மேடையில உக்கார வச்சு ஒரு மாலை போடலாம்.

— ஆத்தா வராது சார்.

— உடம்பு முடியலையா?

— உடம்பு திடமாத்தேன் இருக்கு. இன்னமும் களையெடுக்கப் போகுது. வானத்தத்தேன் பாக்காது.

— புரியலையே.

— அண்ணன் லெட்டரு போட்டிருந்துச்சு சார். 'செவ்வாக்கெழம காலையில நான் மட்டும் தனியா ஓட்டிக்கிட்டு நம்மூருக்கு மேல வாரேன், ஆத்தாவ வெளிய நிக்கச் சொல்லு'ன்னு. நான்தேன் படிச்சுக் காட்டுனேன். அப்ப எனக்குப் பதினாறு வயசு. மாசி மாசம், காட்டுல பருத்தி வெடிச்சுக் கெடக்கு. ஆத்தா கல்யாணத்துக்குக் கட்டுன செவப்புச் சேலைய ஒரு கம்புல கட்டி எடுத்துக்கிட்டு வந்து நடுக்காட்டுல நின்னுச்சு. ப்ளேனு தெரிஞ்சதும் அத ஆட்டுச்சு பாருங்க, கை விட்டுப் போற மாதிரி ஆட்டுச்சு. ப்ளேனு தாழ வந்துச்சு. இன்னுந் தாழ வந்துச்சு. 'எம்மகன் என்னயப் பாத்துட்டான்டா'ன்னு சிரிச்சுச்சு. எங்க தலைக்கு மேல வந்து, பருத்தி எடுத்துக்கிட்டிருந்த பொம்பளைகள விட்டு வெலகி, ரெண்டு காடு தள்ளிப் போயி விழுந்துருச்சு.

— அடப்பாவமே...

— வேடிக்க காட்டப் போயிச் செத்தான்னு ஊருல சொன்னாக. ஆத்தா அதுக்கும் ஒத்துக்கிறல. 'அவென் மேல குத்தமில்ல. அவென் பாட்டுக்குப் போயிக்கிட்டிருந்தான். நான் சேலைய ஆட்டிக் கூப்பிட்டேன், எறங்கிட்டான். பெத்த மகன நான்தேன் கொன்னேன்'னுச்சு. அன்னையிலருந்து இன்னைக்கு வரைக்கும் தலய நிமித்தி மேல பாத்ததில்ல. மழ கட்டியிருக்கான்னு தெரியணும்னாக்கூட பக்கத்துல நிக்கிறவுகளத்தேன் கேக்கும்.

— முத்திருளா... இதை நீ எங்கிட்ட சொன்னதே இல்லையே.

— நீங்க கேட்டதில்லையேண்ணே. எங்காத்தா பேரு சின்னத்தாய்ங்கிறதுகூட ஒங்களுக்குத் தெரியாது.

— சேலையை ஆட்டினதாலதான்னு... பதினேழு வருஷமா?

— பதினேழு வருசமா. நான் ஒண்ணு சொன்னேன், அத ஒருத்தரும் காதுல வாங்கல. ப்ளேனு சத்தமே இல்லாம வந்துச்சுண்ணே. வீட்டுக்கு மேல போறதெல்லாம் என்னா சத்தம் போடும்! அண்ணன் வந்தப்ப காத்துச் சத்தம் மட்டுந்தேன். முன்னாடி இருக்குற விசிறி சுத்தாம நின்னுச்சு, என் கண்ணால பாத்தேன். விசாரணைக்கு வந்த தொப்பிக்காரர்கிட்டச் சொன்னேன். 'ஒனக்கு என்னடா தெரியும், எஞ்சின் நல்லா இருந்துச்சுன்னு மெக்கானிக்கே கையெழுத்துப் போட்டிருக்காரு'ன்னுட்டாரு.

— சௌந்தரம் சார், நீங்க அந்த ஃப்ளையிங் ஸ்கூல்ல வேலை பார்த்தவர், இந்த எஞ்சினைக் கையால பாத்துக்கிட்டவர். உங்களைவிட யாருக்குத் தெரியும்? போர்டுல இப்படியே எழுதலாமா? பெயிண்டருக்கு என்ன சொல்ல?

— அவரை வீட்டுக்குப் போகச் சொல்லுங்க ஹரி.

— சார்?

— இதை எழுத வேண்டாம். நாளைக்குக் காலையில வேற எழுதித் தர்றேன். நான் எழுதித் தர்றதை அப்படியே போடணும், ஒரு எழுத்துக்கூட மாத்தக் கூடாது.

— சரி சார். உங்க முகமே சரியில்ல. கொஞ்சம் உக்காருங்க. நான் வர்றேன்.

— போயிட்டாருண்ணே.

— ம்.

— என்ன வேற எழுதப் போறீங்க?

— அந்த ஷெட் கதவைச் சாத்து முத்திருளா. இல்ல, வேண்டாம். தெறந்தே இருக்கட்டும். நான் உங்கிட்ட பொய் சொன்னேன். சல்லடையில கசடு மட்டும் இல்ல. இதோ, இந்தப் பைக்குள்ளதான் இருக்கு. நீ வர்ற சத்தம் கேட்டதும் எடுத்துப் பையில போட்டுக்கிட்டேன். பாரு.

— என்னண்ணே இது? துணி மாதிரி இருக்கு.

— துணிதான். அந்த மண்ணெண்ணெயில முக்கி எடு. மெதுவா, கிழிஞ்சிடப் போகுது. இப்பப் பாரு. தெரியுதா?

— புள்ளி புள்ளியாத் தெரியுது.

— சுங்குடி. கையால முடிச்சுப் போட்ட புள்ளி. என் மாமியார் வீட்ல அதுதான் தொழில். சாயம் சரியா ஏறாத துண்டெல்லாம் மூட்டையாக் கட்டிக் குடுப்பாங்க, எஞ்சின் தொடைக்கறதுக்கு எடுத்துட்டுப் போவேன். அந்த ஃப்ளையிங் ஸ்கூல்ல பன்னண்டு மெக்கானிக் இருந்தோம். சுங்குடித் துணியால தொடைக்கிறவன் நான் ஒருத்தன்தான். மத்தவங்க கேலி பண்ணுவாங்க, 'சௌந்தரராஜன் எஞ்சினுக்குச் சேலை கட்டி விடறான்'னு.

— சொல்லுங்கண்ணே. நான் கேட்டுக்கிட்டுத்தேன் இருக்கேன்.

— திங்கக்கிழமை சாயங்காலம் அந்த எஞ்சினோட அடிப்பக்கத்தைத் தெறந்து கழுவினேன். மறுநாள் உங்க அண்ணன் எடுத்துட்டுப் போகணும். முறைன்னு ஒண்ணு இருக்கு முத்திருளா. எஞ்சினைத் தெறக்கறதுக்கு முன்னாடி பத்துத் துணி எண்ணி எடுத்து வச்சா, மூடறதுக்கு முன்னாடி பத்துத் துணி எண்ணணும். ஒண்ணு குறைஞ்சாலும் மூடக் கூடாது. பாதி வேலையில இருக்கறப்ப தந்தி வந்துச்சு. மதுரையில எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு. தலைச்சன். கல்யாணமாகி எட்டு வருஷம் கழிச்சு. ஓடினேன், ஆஃபீஸ் ரூம்ல எல்லாருக்கும் சொன்னேன், ஒருத்தன் கட்டிப் பிடிச்சான், ஒருத்தன் சக்கரையை வாயில போட்டான். உங்க அண்ணன் இருந்தான். ஆமா, இருந்தான்! 'என்ன பேரு சார் வைக்கப் போறீங்க'ன்னு அவன்தான் கேட்டான்.

— சோணையண்ணனா?

— அவன்தான். சுந்தரவல்லின்னு வைக்கப் போறேன்னு சொன்னேன். அப்புறம் திரும்ப வந்து, அதே சந்தோஷத்தோட மூடியைப் போட்டு நட்டை எல்லாம் இறுக்கினேன். ராத்திரி ரூமுக்குப் போய்த் துணி அலசறேன். ஒம்பதுதான் இருக்கு.

— ஒம்பது.

— ஒம்பது. மறுபடி மறுபடி எண்ணிப் பார்த்தேன். காத்துல பறந்திருக்கும், எவனாவது எடுத்திருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். காலையில போய் அந்த விமானத்தை நிறுத்தியிருக்கலாம். 'ஒரு துணி குறையுது, தெறந்து பாத்துட்டு அனுப்பறேன்'னு ஒரு வார்த்தை. நிறுத்தினா என் வேலை போகும். பொண்ணு பொறந்த மறுநாள். அவன் ஏறி உக்காந்தான், கையைக் காட்டினான், நானும் கட்டை விரலை உசத்திக் காட்டினேன். பறக்கப் பறக்கத் துணி நகர்ந்து போய் ஆயில் சல்லடையை அடைச்சிருக்கு. ஆயில் மேல ஏறல. காய்ஞ்ச எஞ்சின் எத்தனை நேரம் ஓடும்? உங்க ஊருக்கு மேல வர்றப்ப இறுகிப்போச்சு. அவன் தாழப் பறக்கல முத்திருளா. விழுந்துக்கிட்டு இருந்தான். விழறப்பவும் பருத்தி எடுக்கறவங்க மேல விழாம திருப்பியிருக்கான். அதுதான் நடந்தது.

— விசாரணையில கேட்டாகளா ஒங்கள?

— கேட்டாங்க. எஞ்சின் எப்படி இருந்துச்சுன்னாங்க. நல்லா இருந்துச்சுன்னேன். தெறந்து பாக்கணுமான்னு ஒருத்தர் கேட்டார். தேவையில்ல சார்னு சொன்னேன். அந்த ரெண்டு வார்த்தையைத்தான் பதினேழு வருஷமா மென்னுக்கிட்டு இருக்கேன். மூணே மாசத்துல வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்துட்டேன். எம்பொண்ணுக்குப் பொறந்த நாள்னு நான் ஒரு தடவைகூட வீட்ல இருந்ததில்ல.

— அப்பறம் ஏண்ணே இங்க வந்து சேந்தீங்க? இந்த எஞ்சினு பாலிடெக்னிக்குக்கு வந்திருக்குன்னு தெரிஞ்சா ஒதுங்கியில்ல போயிருக்கணும்.

— துணி உள்ள இல்லாம இருக்கணும்னுதான் வந்தேன். ஒருவேளை நிஜமாவே காத்துல பறந்திருந்தா? தெறந்து பார்த்து, உள்ள ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டா, நான் மனுஷனா நிம்மதியா ஒரு நாள் தூங்குவேன். வந்த மொத ஞாயித்துக்கிழமையே நீ வந்து நின்ன. 'நான் சோணைமுத்து தம்பி'ன்ன. அதுக்கப்புறம் தெறக்கறதுக்குத் தைரியம் வரல. வராம இருக்கவும் முடியல.

— இன்னைக்கு மட்டும் எப்பிடி வந்துச்சு?

— வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் இது கண்ணாடிக்கூண்டுக்குள்ள போயிடும். இனிமே யாரும் தொட முடியாது. அப்படியே விட்டுடலாம்னும் தோணிச்சு. நீ மண்ணெண்ணெ வாங்கப் போனதும் ஸ்பேனரை எடுத்தேன். துணியைப் பார்த்ததும் மறைச்சேன். அதுதான் நான். ஹரி படிக்கறதைக் கேட்டும்கூட வாயைத் தெறந்திருக்க மாட்டேன். அந்தம்மா சேலையை ஆட்டினதுன்னு நீ சொன்னப்பதான் பெயிண்டரைப் போகச் சொன்னேன்.

— தண்ணி குடிங்கண்ணே.

— எனக்குத் தண்ணி குடுக்காத. நாலு அடி அடி. ஸ்பேனர் உங்கிட்டதான் இருக்கு.

— அடிச்சு என்னண்ணே ஆகப்போகுது? மொதல்ல குடிங்க.

— போர்டுல என் பேரைப் போடச் சொல்லுவேன். மெக்கானிக் சௌந்தரராஜன் எஞ்சினுக்குள்ள துணியை விட்டுட்டு மூடினதால விழுந்துச்சுன்னு எழுதணும். டெல்லி ஆஃபீஸுக்கும் எழுதிப் போடறேன். விசாரணையை மறுபடி தெறக்கட்டும். ஜெயில்ல போட்டா போடட்டும்.

— எழுதுங்கண்ணே. எழுத வேண்டியதுதேன். ஆனா எங்காத்தாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது.

— தெரியும். அதான் யோசிக்கறேன்.

— ஊருக்கு வாரீங்களா? இப்பக் கெளம்புனா பெரியார் நெலையத்துல ரெண்டரை மணி பஸ்சப் புடிச்சிரலாம்.

— முத்திருளா, அது என்னால முடியாது.

— ஏன்ணே?

— அந்தம்மா முகத்தைப் பாத்து எப்படிச் சொல்லுவேன்? 'உங்க பையனைக் கொன்னவன் நான்'னு எந்த வாயால சொல்றது? என்னைப் பாத்தா அவங்க நெஞ்சு வெடிச்சுடும். நீ கொண்டு போ. இந்தா, இந்தத் துணியை எடுத்துட்டுப் போ. நடந்ததை ஒண்ணு விடாம சொல்லு. என்னைத் திட்டறதா இருந்தா நல்லாத் திட்டட்டும். நீ அவங்க பெத்த பிள்ளை. நீ சொன்னா நம்புவாங்க.

— நம்பலண்ணே.

— நம்ப மாட்டாங்கன்னு நீயா ஏன் முடிவு பண்ற? துணியைக் கையில குடுத்துச் சொல்லு.

— குடுத்துத்தேன் சொன்னேன்.

— எப்ப? இது இப்பத்தானே வெளிய வந்துச்சு?

— போன வருசம் ஆவணி மாசம், பொண்ணு பாக்க வர்றாகன்னு நீங்க ரெண்டு ஞாயித்துக்கெழம வரல பாருங்க, அப்பவே அந்த மூடியத் தொறந்துட்டேண்ணே. துணியப் பாத்தேன், புள்ளியப் பாத்தேன், ஒங்க வீட்ல பாத்த அதே சுங்குடி, யாரு துணின்னும் தெரிஞ்சுபோச்சு. ஒங்க வீட்டு வாசல் வரைக்கும் அருவாளோட வந்தேன். அங்க நிக்க மாட்டாம நேரா ஊருக்குப் போயி, இந்தத் துணிய ஆத்தா மடியில போட்டு, 'நீ கொல்லல ஆத்தா, இதுதேன் கொன்னுச்சு'ன்னேன். அது துணியத் தடவிப் பாத்துட்டு, 'என்னயத் தேத்துறதுக்கு எங்கிட்டோ கெடந்த கந்தலக் கொண்டாந்து கத சொல்றியாடா? வச்சவன் ஒருத்தன் இருந்தா அவென் வாயால வந்து சொல்லட்டும், அப்ப நான் மேல பாக்குறேன்'னுருச்சு. அதேன் அருவாள வீட்டுல போட்டுட்டு, துணிய இருந்த எடத்துலயே திரும்ப வச்சு மூடி, நீங்களாத் தொறந்து நீங்களாச் சொல்ற வரைக்கும் இம்புட்டு நாளும் ஒங்க பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன்.